அருவியில் குளிக்கத் தடை போட்ட அன்று

முருகனடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். இலஞ்சியில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற சங்கரலிங்கம் எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கடை அண்டாவில்தான் சாம்பார் கொதித்திருக்கும். அதனால் நான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து முருகன் என்னைத் தூக்கிவிட்ட விதத்தையும் மட்டும் சொல்கிறேன்.

சஷ்டிக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று ஒருவர் தயங்கினார். என் வீட்டுக்காரி கோமதிதான், "பேச வேண்டாம்னா எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுக்கிறேன். இது மூத்திரம் போவது பற்றிய அனுபவம். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொண்டாவது கடைசிவரை படியுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் ஆரம்பித்தது. போய் நின்றால் வராது. பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன். வந்தாலும் நூல் மாதிரி வரும், நடுவில் நிற்கும், மறுபடி சொட்டும். முடிந்தது என்று வெளியே வந்தால் வேட்டி நனையும். திரும்பவும் வருகிற மாதிரியே இருக்கும். படுத்தால் மணிக்கொரு தரம் எழுந்திருக்க வேண்டும். காலையில் கடை திறக்கும்போதே முந்தின நாள் களைப்பு அப்படியே உடம்பில் இருக்கும். ஒரு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தூங்காத மனுஷன் எப்படி இருப்பான்? எரிந்து விழுந்தேன். லோடு ஏற்றுகிற ஆட்களிடம் கத்தினேன். கல்யாண வீடுகளில் கணக்குப் பேச உட்காருவதற்கு முன்னால் கழிவறை எந்தப் பக்கம் என்று என் கண் தேடும். தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் எந்த மண்டபத்தில் அது எங்கே இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா இல்லையா என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான் உண்டு, சூடு. மருந்துக் கடையில் சாடையாகக் கேட்டேன். "சூடா இருக்கும் அண்ணாச்சி, இளநி குடிங்க" என்றார்கள். இளநீர் குடித்தேன். பார்லித் தண்ணீர் குடித்தேன். நன்னாரி போட்டுக் குடித்தேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். உள்ளே போன தண்ணீரெல்லாம் வெளியே வர வழியில்லாமல் அடிவயிற்றில் கனத்துக்கொண்டு கிடந்தது. சூட்டைத் தணிக்கிறேன் என்று நான் செய்ததெல்லாம் பாட்டை இரட்டிப்பாக்கியதுதான் மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கை கூசுகிறது. புருஷன் பெண்டாட்டி விஷயம். உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைத்தாலும் நடுவில் எழுந்து ஓட வேண்டி வருமோ, படுக்கையை நனைத்துவிடுவேனோ என்கிற பயமே ஆளைப் பாதி கொன்றுவிட்டது. எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். இந்த வயதில் என்ன என்று கேட்பீர்கள். அந்த வயதில்தான் ஐயா, வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம்.

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "விரதம் இருக்கேன்" என்று சொன்னேன்.

நம்மிடையே இது ஒரு வசதி. விரதம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். கார்த்திகைக்கு விரதம் என்றேன். அது முடிந்ததும் தைப்பூசத்துக்கு என்றேன். அப்புறம் பங்குனி உத்திரம். அப்புறம் மாதச் சஷ்டி. நான் முன்னறையில் பாயை விரித்துத் தனியாகப் படுத்தேன். வெள்ளை வேட்டியில் ஈரம் தெரிகிறது என்று காவி வேட்டிக்கு மாறினேன். காவியில் எது பட்டாலும் அவ்வளவாகத் தெரியாது. ஊரில் என்ன பேச்சு தெரியுமா? சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ஞானம் வந்துவிட்டது என்று.

கோமதி ஒன்றும் கேட்கவில்லை. விரதக்காரனுக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் சமைத்துப் போட்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வற்றிக்கொண்டே வந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை.

இந்தச் சமயத்தில்தான் அருவி எனக்குக் கைகொடுத்தது. ஒரு நாள் வெளியூர்க்காரர் ஒருவரைப் பார்க்கக் குற்றாலம் போனேன். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத்தோடு பக்கத்தில் இருந்த கட்டணக் கழிப்பறைக்குள் நுழைந்தேன். அருவிச் சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே இரைகிறது. உடம்பெல்லாம் குளிர்ச்சி. என்ன ஆச்சரியம், தங்குதடையில்லாமல் போனது! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முழுசாகப் போன மாதிரி இருந்தது. வெளியே வந்து குற்றாலநாதர் கோபுரத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினேன்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவேன். தண்ணீர் குறைந்த மாதங்களில் ஒரு ஓரமாக விழுகிற ஒழுக்கில் தலையைக் கொடுப்பேன். பிறகு அந்தக் கழிப்பறை. பிறகு சாமி. அந்த ஒரு வேளைதான் எனக்கு ஒழுங்காகப் போகும். மீதி நாள் முழுக்க அந்த ஒரு வேளையை நம்பித்தான் ஓடும். ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? காவி வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மழையானாலும் பனியானாலும் அருவிக் குளியல். அங்கே பூ விற்கிறவர்கள் எழுந்து நின்று கும்பிட ஆரம்பித்தார்கள். அருவிக்கரையில் காவலுக்கு நிற்கும் இசக்கிமுத்து என்கிற இளவயதுப் போலீஸ்காரர், "உங்கள மாதிரி பக்தி யாருக்கு வரும் அண்ணாச்சி" என்பார். கூச்சத்தில் எனக்கு உடம்பு குறுகும். சிரித்துக்கொண்டே நழுவிவிடுவேன்.

நான் முருகனிடம் வேண்டாமல் இல்லை. இலஞ்சிக் குமாரர் சந்நிதியில் தினமும் நின்று ஒரே வேண்டுதல்தான் வைத்தேன். "முருகா, யாருக்கும் தெரியாமல் இதைச் சரி பண்ணிவிடு. கோமதிக்குத் தெரியவே கூடாது." அலுக்காமல் இதையே கேட்டேன். என் வேண்டுதலில் பாதி நோயைப் பற்றி, பாதி மானத்தைப் பற்றி. உண்மையைச் சொன்னால் மானத்தின் பங்கு கொஞ்சம் அதிகம்.

போன வருஷம் ஆடி மாதம். சாரல் பிடித்துக்கொண்டது. எனக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு, தலைபாரம். கடையில் ஆளை அனுப்பி ஜலதோஷ மாத்திரை வாங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டேன். அதற்கப்புறம் ஒரு சொட்டுப் போகவில்லை. விடிகிறபோது அடிவயிறு பானை மாதிரி எழும்பி நின்றது. தொட்டால் உயிர் போகிறது. காலையில் அருவிக்குப் போனால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கோமதி காப்பி கொண்டுவந்தாள். குடிக்காமல் கிளம்பினேன்.

"மழை இப்படி ஊத்துது, இன்னைக்குமா போறிய?" என்றாள்.

"விரதத்துல போகாம இருக்க முடியுமா?" என்றேன். நிமிர்ந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மலையில் விடியவிடிய மழை. ஸ்கூட்டரில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குற்றாலத்தில் போய் இறங்கினால், அருவி இருக்கிற திசையே தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் புகை மாதிரி நீர்த்திவலை. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி செக்கச்செவேல் என்று மண்ணோடு கொட்டுகிறது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை. பாதையை மறித்துக் கயிறு பிடித்துக்கொண்டு இசக்கிமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் நிற்கிறார்கள். நான் நம்பி வந்த கழிப்பறை கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சுவரோரம் ஒதுங்கிப் பார்த்தேன். மலையே தண்ணீராகக் கொட்டுகிறது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எப்போதும் எந்தச் சத்தம் என்னைக் காப்பாற்றியதோ, அது அன்று பத்து மடங்காகக் கேட்கிறது. உடம்பு இறுகிக் கல்லாகக் கிடக்கிறது.

இசக்கிமுத்துவிடம் போய்க் கெஞ்சினேன். அவருக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டி, "உங்க பக்தி எனக்குத் தெரியும் அண்ணாச்சி, ஆனா இன்னைக்கு ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. ஒரு நாள் குளிக்கலைன்னா சாமி கோவிச்சுக்கிடாது" என்று கத்தினார். சுற்றிலும் சுற்றுலா வந்த கூட்டம். குடை பிடித்துக்கொண்டு, செல்போனில் வெள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு, பொம்பளைகள், குழந்தைகள். காவி வேட்டிச் சாமியார் குளிக்க அடம் பிடிக்கிறார் என்று நாலு பேர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

கண்ணை மூடினேன். எனக்கு அந்த நேரத்தில் வழக்கமான வேண்டுதல் வரவில்லை. "முருகா, மானம் போனால் போகட்டும். என்னால் முடியவில்லை. எனக்கு வாய் வரவில்லை, நீயே பேசு" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அடுத்த நொடி என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள். அருவிச் சத்தத்தையும் மீறி வந்தது.

"எனக்கு மூத்திரம் வரலப்பா! நேத்து ராத்திரியிலேருந்து ஒரு சொட்டு வரல! குளிக்க வரல நான்! வலியில செத்துருவேன் போலிருக்கு!"

செல்போன்கள் என் பக்கம் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. ஒரு அம்மாள் குழந்தையை இழுத்துக்கொண்டு விலகினாள். இத்தனை மாதம் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்தது, ஊர்பேர் தெரியாத நூறு பேர் நடுவில் உடைந்தது. அந்தக் குரலை நான் கொடுக்கவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

இசக்கிமுத்துவின் முகம் மாறிவிட்டது. கயிற்றைப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கையில் கொடுத்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் ஓர் ஆட்டோவை மறித்து ஏற்றி, தானும் ஏறினார். தென்காசி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. என் போனை வாங்கி வீட்டுக்குப் போட்டார்.

"அக்கா, நான் போலீஸ் இசக்கிமுத்து பேசுதேன். அண்ணாச்சிக்கு மூத்திரம் அடைச்சிட்டு. பயப்படாதிய, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்துருங்க."

நான் எதைச் சொல்ல முடியாமல் கார்த்திகை, தைப்பூசம், பங்குனி என்று ஒளிந்து திரிந்தேனோ, அதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னார். "எங்க அப்பாவுக்கும் இதேதான் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. சூடு, சூடுன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. கால் வீங்கின பொறவுதான் எங்களுக்குத் தெரியும். கிட்னி ரெண்டும் போயிட்டு. வருசம் திரும்பல, தூக்கிக் குடுத்துட்டோம்." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு வலியிலும் எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்தக் கூட்டத்தில் வேறு யாராவது கயிறு பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். இவரைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என் மகள் வயது. நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. "ஐயா, இத நான் தெனமும் பாக்கேன். கண்ண மூடிக்கிடுங்க, கொஞ்சம் எரியும்" என்றது. குழாய் போனது. எரிந்தது. பிறகு பை நிறைய ஆரம்பித்தது. நிறைந்துகொண்டே இருந்தது. வயிறு இறங்க இறங்க என் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெற்ற தாய் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வலி நின்றுபோவதைப் போல ஒரு சுகம் உலகத்தில் இல்லை.

என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது, புராஸ்டேட் என்று பெயர், வயதானால் அது வீங்கி வழியை நெருக்கும் என்றார். ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்த வழியைச் சில ஜலதோஷ மாத்திரைகள் சுத்தமாக அடைத்துவிடுமாம். அருவிக் கதையையும் சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சிலருக்குப் போகும், ஆனால் முழுசாகக் காலியாகாது என்றார். தினமும் பாதிதான் வெளியே போயிருக்கிறது. மீதி உள்ளேயே தேங்கிக் கிட்னிவரை அழுத்தியிருக்கிறது. நான் அதற்காகத்தான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கோமதி வந்தாள். நைந்த சேலை, நனைந்த தலை, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஓடிவந்திருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குகிற பையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இசக்கிமுத்து மெதுவாக வெளியே போய்விட்டார்.

"இதுக்குத்தான் விரதமா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"என்னயக் கண்டா பிடிக்காமப் போயிட்டுன்னு நெனச்சேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு என் மண்டையே காஞ்சுபோச்சு. காவி கட்டிக்கிட்டு விடிஞ்சதும் கெளம்புதிய, தனியாப் படுக்கிய, மொகத்தப் பாக்க மாட்டேங்கிய. இந்த மனுசன் ஒரு நாள் வீட்டுக்கு வராமலே போயிருவாரு, சாமியாராப் போயிருவாருன்னு..." என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. "செவ்வாய்க்கெழம தோறும் குமாரர்ட்ட நெய்விளக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். முருகா, என்ன கொறைன்னு அவரு வாயால சொல்ல வச்சிரு, எம் புருசன எங்கிட்டயே திருப்பித் தந்துருன்னு."

அடியார்களே, இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. ஒரே சந்நிதிக்கு இரண்டு வேண்டுதல் போயிருக்கிறது. கோமதிக்குத் தெரியக் கூடாது என்று நான் கேட்டேன். அவர் வாயால் சொல்ல வை என்று அவள் கேட்டாள். ஒரே வீட்டிலிருந்து, ஒரே முருகனிடம். அவன் அவள் வேண்டுதலைக் கேட்டிருக்கிறான். என்னுடையதைக் கேட்டிருந்தால் நான் யாருக்கும் தெரியாமலே செத்திருப்பேன். இத்தனை வருஷமாகச் சாமி கும்பிடுகிறவன் நான், கும்பிடத் தெரிந்தவள் அவள்.

கஷ்டம் அத்தோடு முடியவில்லை. மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். திரும்பவும் அடைத்தது. திரும்பவும் குழாய். ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு கூடுதலாக இருக்கிறது, புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும் என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திரு என்றார்கள். தொடையில் பையைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஆவணி மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால் குத்தும், நடந்தால் இழுக்கும். கோயிலுக்குள் போக மனசு இடம் கொடுக்கவில்லை. வெளியே தேரடிப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். பயப்படக்கூடத் தெம்பில்லை எனக்கு. "எதுவானாலும் சரி முருகா, ஒன்று வை, இல்லை எடு, என்னை இழுத்தடிக்காதே" என்றுதான் சொன்னேன். பக்தன் பேசுகிற பேச்சா இது என்று நினைக்காதீர்கள். அலுத்துப்போன மனுஷன் அப்படித்தான் பேசுவான். அவனிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

பையைக் காலி செய்வது கோமதி. நான் வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். "மூஞ்சியத் திருப்பாதிய, இனிமே உங்க மூஞ்சிய நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்" என்பாள். முன்னறையில் கிடந்த பாயை அவளே சுருட்டி மச்சில் போட்டுவிட்டாள்.

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. வெறும் வீக்கம்தான். வெளியே கீறல் இல்லாமல், மூத்திர வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சன்னலைப் பார்த்தேன்.

கோமதி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நேராக டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். "பொறவு நாங்க புருசன் பெண்டாட்டியா இருக்கலாமா டாக்டர்?"

எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. டாக்டர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "தாராளமா இருக்கலாம்மா. ஆறின பிறகு, நான் சொல்லும்போது" என்றார். விந்து வெளியே வராமல் மூத்திரப்பைப் பக்கம் திரும்பிப் போகலாம், அதனால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, வேறு குறை இருந்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது, கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள் என்றார். நான் மாதக்கணக்கில் தனியாகப் படுத்துப் பயந்த விஷயத்துக்கு அந்த அறையில் இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் எரிச்சல், அவசரம், சிவப்பாகப் போவது என்று சில வாரம் பாடு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். குழாயை எடுத்த அன்று ஆஸ்பத்திரிக் குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்துவிடவில்லை, எந்தத் தண்ணீர்ச் சத்தமும் இல்லை. நின்றேன். வந்தது. வாலிபத்தில் போன மாதிரி வந்தது. கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றவள் "முருகா" என்று சத்தமாகச் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. வார்டில் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

இப்போது ராத்திரி தூங்குகிறேன். உள்ளே தேங்கிய களைப்பு இன்னும் முழுசாக வெளியேறவில்லை. நாற்காலி அடுக்கும்போது சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. கட்டியிருப்பது வெள்ளை வேட்டி. செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகப் போய் ஒரே விளக்கை ஏற்றுகிறோம். வேண்டுவதற்கு முன்னால் என்ன வேண்டப் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்கு என்ன சந்தோஷம் திரும்பக் கிடைத்தது என்பதையெல்லாம் எழுத முடியாது. கிடைத்தது என்று மட்டும் எழுதக் கோமதி அனுமதி கொடுத்திருக்கிறாள்.

இசக்கிமுத்துவைத் தேடிப்போய்ப் பழமும் பிரசாதமும் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க அன்னைக்குச் சத்தம் போட்டியள்லா, எங்க அப்பா குரல் மாதிரியே இருந்துச்சு அண்ணாச்சி" என்றார். அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் இறுகப் பிடித்துவிட்டு வந்தேன்.

முருகன் நம் குரலுக்குக் காத்திருக்கிறான் என்று நம்புங்கள். உங்களில் யாருக்காவது நான் சொன்ன மாதிரி இருந்தால் சூடு என்று இளநீரைத் தேடாதீர்கள். விரதத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். அவனிடம் கேளுங்கள், கேட்ட வாயோடு வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன். கடையில்தான் இருப்பேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து வர வேண்டாம். ஆட்கள் இருக்கும்போதே வாருங்கள்.